தோற்ற அணி ஏன் வீட்டுக்குப் போகவில்லை? ஒரு லீக் பருவம் எப்படி நடக்கிறது

பெரியப்பாவுக்கு உதைபந்து தெரியாது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல முடியாது. இளவயதில் ஊர்க் கழகத்துக்குப் பின்களத்தில் நின்றவர். இன்றும் பக்கத்து ஊரில் சுற்றுப்போட்டி என்று காதில் விழுந்தால் மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை இரவு நான் போனில் இங்கிலாந்துப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இவங்கள் போன கிழமை தோத்தவங்கள் எல்லோ? பிறகென்னெண்டு இண்டைக்கும் விளையாடுறாங்கள்?"

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், கேள்வியில் பிழையே இல்லை. வன்னியில் நாங்கள் பார்த்து வளர்ந்த உதைபந்து பெரும்பாலும் விலகல் முறைதான். யாரோ ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணம், அல்லது கழகத்தின் ஆண்டு நிறைவு, அல்லது கோயில் திருவிழாவை ஒட்டிய போட்டி. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 16 அணிகள் வந்தால் மொத்தம் 15 போட்டிகள். அதில் எட்டு அணிகளுக்கு ஒரேயொரு போட்டிதான் கிடைக்கும். வாகனம் பிடித்து, ஜேர்சி அடித்து, விடியவே புறப்பட்டு வந்த பொடியன்கள், ஒரு தண்ட உதை வெளியே போனதற்காகச் சோற்றுப் பார்சலைக் கையில் பிடித்தபடி மத்தியானத்துக்கு முன் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறோம். அன்றைக்கு மைதானத்தில் நின்றவற்றுள் அதுவே நல்ல அணியாகவும் இருந்திருக்கலாம்.

லீக் என்ற ஏற்பாடு பிறந்ததே இந்த நோவுக்கு மருந்தாகத்தான்.

இங்கிலாந்திலும் முதலில் இருந்தது எங்களுடைய முறைதான். எஃப்.ஏ. கிண்ணம் என்ற விலகல் முறைப் போட்டி 1871–72 இல் தொடங்கியது. மற்ற நாட்களில் கழகங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளும் நட்புப் போட்டிகள். 1885 இல் வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதை அனுமதித்த பிறகு சிக்கல் முற்றியது. சம்பளத்தை ஒவ்வொரு கிழமையும் கொடுக்க வேண்டும். கிண்ணத்தில் முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டால், மீதி மாதங்களுக்கு நுழைவுச்சீட்டுக் காசுக்கு எங்கே போவது? நட்புப் போட்டிக்கு வருவதாகச் சொன்ன அணியும் கடைசி நேரத்தில் வராமல் விடும். பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்த வில்லியம் மெக்ரகர் என்பவர் அஸ்டன் வில்லா கழகத்தின் நிர்வாகியும்கூட. 1888 இல் அவர் மற்றக் கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். குறித்த கழகங்கள் ஒன்றுசேர்ந்து, ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் தன் மைதானத்தில் ஒரு தடவை, எதிராளியின் மைதானத்தில் ஒரு தடவை விளையாடுவதாக முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் யோசனை. வென்றாலும் தோற்றாலும் அடுத்த போட்டி உண்டு.

12 கழகங்கள் சேர்ந்தன. ஆளுக்கு 22 போட்டிகள். பிரெஸ்ரன் நோர்த் எண்ட் 18 இல் வென்று, 4 இல் சமநிலை கண்டு, ஒன்றிலும் தோற்காமல் முதல் சம்பியனானது. இதில் எனக்குப் பிடித்த ஒரு விசயம்: வெற்றிக்கு எத்தனை புள்ளி என்பதையே தொடர் தொடங்கிய பிறகுதான் தீர்மானித்தார்கள். எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் பாதி நாள் போன பிறகு விதிமுறை எழுதுகிறவர்களை இனி ஏசாதேயுங்கள்.

சரி, இப்போது கணக்கு. ஒரு லீக்கில் 20 அணிகள் என்றால் ஓர் அணிக்கு 19 எதிராளிகள். ஒவ்வொருவரோடும் இரண்டு தடவை, ஆக 38 போட்டிகள். முழுத் தொடருக்கும் 380. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் இதுதான். ஜேர்மனியின் பண்டஸ்லீகாவில் 18 அணிகள், ஆளுக்கு 34. பத்து அணிகள் என்றால் ஆளுக்கு 18, மொத்தம் 90. அதே பத்து அணிகளை விலகல் முறையில் விட்டால் ஒன்பதே போட்டிகளில் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம். லீக்குக்கு ஏன் மாதக் கணக்கில் நாள் தேவைப்படுகிறது என்பது இந்த இரண்டு எண்களிலும் தெரிந்துவிடும்.

யார் யாரோடு எப்போது மோதுவது என்று அட்டவணை போடுவது பெரிய வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்படை மிக எளிது. சனசமூக நிலையத்தில் பத்துக் கதிரை இருந்தால் போதும். ஐந்து ஐந்தாக எதிரெதிரே போடுங்கள். எதிரே இருப்பவரோடுதான் இந்தக் கிழமைப் போட்டி. அடுத்த கிழமைக்கு, ஒரு மூலைக் கதிரைக்காரர் மட்டும் அசையாமல் இருக்க, மற்ற ஒன்பது பேரும் வட்டமாக ஒரு கதிரை நகர வேண்டும். இப்படியே ஒன்பது கிழமை போனால் எல்லோரும் எல்லோரையும் ஒரு தடவை சந்தித்திருப்பார்கள். பிறகு அதே வரிசையை மைதானத்தை மட்டும் மாற்றித் திரும்ப ஓட்டினால் பருவத்தின் இரண்டாம் பாதி வந்துவிடும். அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஒரு வெறுங்கதிரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிரே வருகிற அணிக்கு அந்தக் கிழமை ஓய்வு. உண்மையில் பொலிஸ் பாதுகாப்பு, தொலைக்காட்சி நேரம், ஒரே நகரத்தில் இரண்டு கழகம் என்று ஆயிரம் கரைச்சல்கள் வந்து சேரும். ஆனாலும் அடியில் இருப்பது இந்தக் கதிரைச் சுற்றுத்தான்.

இனி புள்ளி. வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. முன்பு வெற்றிக்கு இரண்டுதான். 1981 இல் இங்கிலாந்து மூன்றாக்கியது. 1994 உலகக்கிண்ணத்துக்குப் பிறகு அநேகமாக எல்லா நாடுகளும் பின்தொடர்ந்தன. காரணம் எளிது. இரண்டு புள்ளிக் காலத்தில், வெளியூர் போகிற அணி ஒரு புள்ளி போதும் என்று பத்துப் பேரைப் பின்னால் நிறுத்திவிடும். சமநிலை எடுத்தால் வெற்றியின் பாதி கிடைத்துவிடுகிறதே. மூன்றாக்கியதும் சமநிலையின் மதிப்பு வெற்றியின் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது.

இது சின்ன மாற்றமாகத் தெரியும். எவ்வளவு பெரியது என்று பார்க்க ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். பரந்தன், மாங்குளம், முள்ளியவளை, நெடுங்கேணி என்று நான்கு ஊர் அணிகள் இரண்டு சுற்று லீக் விளையாடுகின்றன. ஆளுக்கு ஆறு போட்டிகள்.

மாங்குளம் அடித்து ஆடுகிற அணி. பரந்தனை 3–0, 4–1 என்றும், நெடுங்கேணியை 2–0, 3–1 என்றும் வெல்கிறது. ஆனால் முள்ளியவளையோடு மட்டும் இரண்டு தடவையும் 0–1 என்று தோற்றுப் போகிறது. முள்ளியவளை வேறு மாதிரி. இறுக்கிப் பிடித்து ஆடும். மாங்குளத்தோடு அந்த இரண்டு வெற்றி. பரந்தனோடு ஒரு 0–0, ஒரு 2–1 வெற்றி. நெடுங்கேணியோடு 1–1, 0–0. தோல்வியே கிடையாது. பரந்தன், நெடுங்கேணியை 2–1 என்று ஒரு தடவை வென்று, மற்றதில் 1–1 சமநிலை.

கூட்டிப் பாருங்கள். மாங்குளம் நான்கு வெற்றி, இரண்டு தோல்வி: 12 புள்ளி. முள்ளியவளை மூன்று வெற்றி, மூன்று சமநிலை: அதுவும் 12. பரந்தன் 5, நெடுங்கேணி 3.

கிண்ணம் யாருக்கு?

பழைய இரண்டு புள்ளிக் கணக்கில் முள்ளியவளைக்கு 9, மாங்குளத்துக்கு 8. கதை முடிந்தது. இப்போதைய கணக்கில் இருவரும் சமம் என்பதால் அடுத்த விதிக்குப் போக வேண்டும். இங்கிலாந்து முறைப்படி கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழிப்பது. மாங்குளம் 12 அடித்து 4 வாங்கியிருக்கிறது, கூட்டல் 8. முள்ளியவளை 5 அடித்து 2 வாங்கியிருக்கிறது, கூட்டல் 3. கிண்ணம் மாங்குளத்துக்கு. ஸ்பெயின் முறைப்படி, சமமானவர்கள் தங்களுக்குள் விளையாடிய போட்டிகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். அங்கே முள்ளியவளை இரண்டையும் வென்றிருக்கிறது. கிண்ணம் முள்ளியவளைக்கு. ஒரே வீரர்கள், ஒரே கோல்கள், ஆனால் சம்பியன் வேறு.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. "அடிச்சவனைத் தோக்கடிச்சவன்தான் சம்பியன்" என்றார். எனக்கு மாங்குளத்தின் பக்கம்தான் மனம். லீக் என்பது எல்லோருடனும் நீங்கள் எப்படி விளையாடினீர்கள் என்ற கணக்கு. ஒருவரோடு மட்டும் பார்த்தால் அது திரும்பவும் கிண்ணப் போட்டிக்குள் போய்விடுகிறது. இந்தச் சண்டை எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2006–07 இல் ஸ்பெயினில் ரியல் மட்ரிட்டும் பார்சிலோனாவும் தலா 76 புள்ளிகளோடு முடித்தன. பார்சிலோனாவின் கோல் வித்தியாசம் 45, மட்ரிட்டின் வித்தியாசம் 26. ஆனால் இருவருக்கும் இடையிலான இரண்டு போட்டிகளில் மட்ரிட் ஒன்றை 2–0 என்று வென்று, மற்றதை 3–3 என்று சமன் செய்திருந்தது. கிண்ணம் மட்ரிட்டுக்குப் போனது. இங்கிலாந்தில் 2011–12 இல் இரண்டு மன்செஸ்டர் அணிகளும் 89 புள்ளிகள். சிட்டியின் வித்தியாசம் 64, யுனைட்டெட்டின் வித்தியாசம் 56. கடைசி நாளில் மேலதிக நேரத்தில் சிட்டியின் அகுவேரோ அடித்த கோல் வராமல் போயிருந்தால் புள்ளியே சமப்பட்டிருக்காது, யுனைட்டெட்தான் சம்பியன். அதைவிட நெருக்கமானது 1988–89. ஆர்சனலும் லிவர்பூலும் புள்ளியிலும் சமம், கோல் வித்தியாசத்திலும் சமம். அடித்த மொத்தக் கோல்களில் 73க்கு 65 என்று ஆர்சனல் வென்றது. ஆகவே 4–0 என்று முன்னுக்கு நிற்கும்போதும் ஐந்தாவதுக்கு ஓடுகிறார்களே, என்ன பேராசை என்று கேட்காதீர்கள். அந்த ஐந்தாவது கோல் எட்டு மாதம் கழித்துத் தேவைப்படலாம்.

கடைசிச் சுற்றில் எல்லாப் போட்டிகளையும் ஒரே நேரத்தில் தொடங்குவதும் இதனால்தான். மற்றவரின் முடிவு தெரிந்துவிட்டால் தனக்குத் தேவையானதை மட்டும் ஆடிவிட்டுப் பந்தை உருட்டிக்கொண்டு நிற்கலாம். 1982 உலகக்கிண்ணத்தில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் அப்படித்தான் செய்தன. 1–0 என்றால் இரண்டும் உள்ளே, முதல் நாளே விளையாடி முடித்துவிட்ட அல்ஜீரியா வெளியே. கோல் விழுந்த பிறகு மிச்ச நேரமெல்லாம் நடை பயின்றார்கள். அதன் பிறகுதான் கடைசிக் குழுப் போட்டிகளை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் வந்தது.

பருவம் என்ற சொல்லுக்கு வருவோம். எங்களுக்கு இதை விளக்கக் கமத்தைவிட நல்ல உவமை இல்லை. காலபோகமோ சிறுபோகமோ தொடங்கும் முன் விதைப்புக் கூட்டம் வைப்பார்கள் அல்லவா? இரணைமடுவில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, இத்தனை ஏக்கர் செய்யலாம், இந்தத் திகதியில் வாய்க்காலில் தண்ணீர் திறக்கும், இந்தத் திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிடும். லீக்கும் அப்படித்தான். எத்தனை அணி, எப்போது தொடக்கம், எப்போது முடிவு, புள்ளி சமமானால் எந்த விதி, கடைசியில் வருகிற எத்தனை பேர் கீழே போவார்கள் என்பதெல்லாம் முதல் பந்து உதைபடும் முன் எழுதப்பட்டிருக்க வேண்டும். கதிர் முற்றிய பிறகு வாய்க்கால் யாருக்கு என்று பேசத் தொடங்கினால் மண்வெட்டிதான் பேசும்.

ஐரோப்பாவின் பெரிய லீக்குகள் ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதம் முடிகின்றன. அதனால்தான் 2023–24 என்று இரட்டை ஆண்டு எழுதுகிறார்கள். நோர்வே, சுவீடன் போன்ற நாடுகளில் பனிக்காலத்தில் மைதானம் உறைந்துவிடும் என்பதால் வசந்தத்தில் தொடங்கி அதே ஆண்டுக்குள் முடித்துவிடுகிறார்கள். இலங்கைக்கு வேறு தலையிடி. வன்னி மைதானங்கள் ஒக்டோபர் தொடக்கம் தை வரை வடகீழ் மழையில் குளமாகிவிடும். நாங்கள் காய்ந்து கிடக்கும் மே, யூனில் தென்மேல் மழை கொழும்பு மைதானங்களில் கொட்டும். எல்லோருக்கும் உலர்ந்த நீண்ட காலம் ஒன்றை நாட்காட்டியில் தேடினால் கிடைப்பது கொஞ்சம்தான்.

போகம் அழிவது போலப் பருவமும் அழியும். 2020 இல் கொரோனா வந்தபோது இங்கிலாந்து மூன்று மாதம் நிறுத்திவிட்டு, யூனில் திரும்பத் தொடங்கி, வெறும் மைதானங்களில் விளையாடி முடித்தது. பிரான்ஸ் அந்த இடத்திலேயே நிறுத்தி, அதுவரை முன்னுக்கு நின்ற பாரிஸ் அணிக்குக் கிண்ணத்தைக் கொடுத்தது. நெதர்லாந்தில் அயாக்ஸும் ஏ.இசற்.உம் 56 புள்ளிகளோடு சமமாக நின்றன. அந்த ஆண்டுக்குச் சம்பியனே இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

வீரர்களின் பதிவும் இப்படி ஒரு திகதிக்குக் கட்டுப்பட்டதுதான். எங்கள் சுற்றுப்போட்டிகளில் இறுதிப் போட்டிக்கு மட்டும் எங்கிருந்தோ ஓர் 'ஆள்' வந்து இறங்குவார். அவரை ஊரில் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் ஜேர்சியில் ஊர்ப் பெயர் இருக்கும். லீக்கில் இது நடக்காது. கழகம் மாறுவதற்கு ஆண்டில் இரண்டு காலம்தான். ஐரோப்பாவில் அது கோடையிலும் ஜனவரியிலும். அதற்கு வெளியே பெரும்பாலும் கதவு பூட்டு. மஞ்சள் அட்டைகூட அந்த நாளோடு போய்விடாது. பிரீமியர் லீக்கில் முதல் 19 போட்டிகளுக்குள் ஐந்து மஞ்சள் வாங்கிய வீரர் ஒரு போட்டி வெளியே இருக்க வேண்டும். ஆகஸ்டில் சும்மா வாய்காட்டி வாங்கியது மார்கழியில் வந்து நிற்கும்.

புள்ளி அட்டவணையின் அடிப்பக்கம்தான் லீக்கின் ருசியான இடம் என்பது என் அபிப்பிராயம். கிண்ணப் போட்டியில் தோற்றவருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. லீக்கில் கடைசி இடங்களில் இருப்பவர்களுக்குத்தான் உயிர்ப் போராட்டம். பிரீமியர் லீக்கில் கடைசி மூன்று அணிகள் இரண்டாம் பிரிவுக்குத் தரமிறக்கப்படும். அங்கிருந்து மூன்று அணிகள் மேலே வரும். ஜேர்மனியில் கடைசி இரண்டும் நேராகக் கீழே. பதினாறாவது அணி, இரண்டாம் பிரிவின் மூன்றாவது அணியோடு மோதித் தன் இடத்தைக் காப்பாற்ற வேண்டும். லெஸ்டர் சிட்டியைப் பாருங்கள். 2014 இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தது. அந்த ஆண்டு நத்தாருக்கு அட்டவணையில் ஆகக் கடைசி. எப்படியோ தப்பியது. 2016 இல் 81 புள்ளிகளோடு இங்கிலாந்தின் சம்பியன். 2023 இல் திரும்பவும் கீழே. ஒன்பது ஆண்டுக்குள் கிணறும் கோபுரமும் கிணறும். மேலே போகவும் கீழே வரவும் ஏணி இருப்பதால்தான் இந்தக் கதை நடந்தது.

ஏணி இல்லாத லீக்குகளும் உண்டு. இந்தியன் சூப்பர் லீக் 2014 இல் தொடங்கியபோது தரமிறக்கம் இல்லை. தவிர, லீக் முடிந்ததும் முதல் நான்கு அணிகளுக்கு விலகல் முறை வைத்துத்தான் சம்பியனைத் தெரிவு செய்தார்கள். 2017–18 இல் பெங்களூரு 40 புள்ளிகளோடு முதலிடம், சென்னையின் எஃப்.சி. 32 புள்ளிகளோடு இரண்டாமிடம். இறுதிப் போட்டியில் சென்னை 3–2 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. எங்களுக்கெல்லாம் சந்தோசம்தான். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்தப் பருவத்தில் சிறந்த அணி எது என்று கேட்டால் எட்டுப் புள்ளி சும்மா வராது. பின்னர் 2019–20 இலிருந்து முதலிடக்காரருக்கும் தனியாக ஒரு கேடயம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அதோடு ஒப்பிட்டால், இந்தியாவின் மற்றொரு தொடரான 'ஐ-லீக்'கில் (I-League) 2018–19 இல் கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு விளையாடிய சென்னை சிட்டி எஃப்.சி. என்ற வேறொரு கழகம் பெற்ற வெற்றி சுத்தமான லீக் வெற்றி. கடைசி நாளில் அவர்களுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இடையே ஒரே ஒரு புள்ளி. இரண்டு போட்டிகளும் ஒரே நேரத்தில். சென்னை சிட்டி முதலில் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கி, பிறகு மூன்று அடித்து வென்றது. 43க்கு 42. அந்த ஒரு புள்ளியை எந்தப் போட்டியில் எடுத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தப் போட்டியிலும் எடுத்திருக்கலாம்.

இனி எங்கள் நாடு. இங்கே முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 'லீக்' என்றால் பெரும்பாலும் மாவட்டத்தில் உதைபந்தை நிர்வகிக்கும் அமைப்பு. "லீக்கில் கேட்டுப் பார்" என்றால் நிர்வாகிகளிடம் கேள் என்று பொருள். கழகங்கள் லீக்கில் பதிந்திருக்கும், லீக்குகள் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் அங்கம் வகிக்கும். ஆகவே 'லீக்' நடத்துகிற போட்டி விலகல் முறையாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரையில் சொல்லும் லீக் போட்டி முறையைக் குறிக்கிறது. பெரியப்பாவின் குழப்பத்தில் பாதி இதனால்தான் என்று பிறகு எனக்கு விளங்கியது.

இன்னொரு குழப்பம், சம்பியன்ஸ் லீக். ஐரோப்பாவில் அது பல நாட்டுக் கழகங்கள் மோதும் கிண்ணம். இலங்கையில் பல ஆண்டுகள் உள்நாட்டு முதற்பிரிவுக்கே அதுதான் பெயர். 2021 இல் அதற்கு மேலே சூப்பர் லீக் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பத்துக் கழகங்கள். களுத்துறையின் புளூ ஸ்டார் முதல் சம்பியன். ஒரு நாட்டின் முதற்பிரிவை வென்றால் என்ன கிடைக்கும் என்பதற்கும் அதுவே உதாரணம். அடுத்த ஆண்டு புளூ ஸ்டார் ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனக் கிண்ணத்தின் தகுதிச் சுற்றுக்குப் போய், நேபாளத்தின் மச்சிந்திராவை 2–1 என்று வென்றது. பிறகு கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 0–5 என்று வாங்கிக்கொண்டு வந்தது. அதன் பிறகு 2023 ஜனவரியில் உலக உதைபந்தை நிர்வகிக்கும் பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. லீக்குக்குத் தேவையானவற்றில் பந்துக்கு முன்னால் வருவது ஒழுங்கான நிர்வாகம்.

அந்தப் பத்துக் கழகங்களின் ஊர்களைப் பாருங்கள்: கொழும்பு, களுத்துறை, பேருவளை, வென்னப்புவ, நாவலப்பிட்டி, இவற்றோடு முப்படைகளின் அணிகள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஒன்றுமில்லை. மன்னார், யாழ்ப்பாணப் பொடியன்கள் தெற்குக் கழகங்களின் ஜேர்சி போட்டு விளையாடியிருக்கிறார்கள். கழகமாகப் போகவில்லை. ஆட்டம் தெரியாததால் இல்லை என்பது மன்னாரிலோ முல்லைத்தீவுக் கரையோரத்திலோ ஒரு பின்னேரம் நின்று பார்த்தவருக்குத் தெரியும்.

திரும்பவும் கணக்குத்தான். கிளிநொச்சியில் ஒரு கழகம் இருந்து, மற்ற ஒன்பதும் தெற்கில் இருந்தால், ஒன்பது தடவை வெளியூர்ப் போட்டிக்குப் போக வேண்டும். கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். போய் வர 600. ஒரு பருவத்துக்கு 5,000 கிலோமீற்றரைத் தாண்டும். கொழும்பில் இருக்கிற கழகம் அதே பருவத்தில் எங்கள் பக்கம் ஒரே ஒரு தடவை வந்தால் போதும். மிச்சத்துக்கு அது பெரும்பாலும் வீட்டிலேயே தூங்கலாம். எங்கள் பொடியன்களோ வெள்ளி இரவு ஏ9 வீதியில் பஸ்ஸில் இருந்து விடிய விடியப் போய், சனி விளையாடி, ஞாயிறு விடிய வந்து இறங்கி, திங்கள் கூலி வேலைக்கோ கடலுக்கோ போக வேண்டும். ஒரு கிண்ணப் போட்டி என்றால் ஊர் சேர்ந்து ஒரு வாகனம் பிடித்துவிடும். வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் ஜேர்சிக்குக் காசு அனுப்புவார். ஒன்பது வாகனத்துக்கு யாரிடம் கேட்பது? அதற்கு மேல், வேலி அடைத்து, நுழைவுச்சீட்டு விற்கக்கூடிய ஒரு சொந்த மைதானம் வேண்டும். மெக்ரகர் 1888 இல் தட்டித் திரிந்த அதே கதவு இது.

மாவட்ட அளவில், பத்துக் கழகங்களுக்குப் பதிலாக ஆறு கழகங்களை வைத்து இரண்டு சுற்று லீக் நடத்துவது இதைவிட எளிது. 30 போட்டிகள். கிழமைக்கு மூன்று போட்டி வீதம் பத்துக் கிழமையில் முடியும். சிறுபோக வெட்டுக்குப் பிறகு தொடங்கினால் மழை பிடிக்கும் முன் முடித்துவிடலாம், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால்.

கடைசியாக, நடுப்பருவத்தில் அட்டவணையைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. புள்ளியை மட்டும் பார்க்க வேண்டாம். எத்தனை போட்டி விளையாடி முடித்தார்கள் என்ற நிரலையும் பாருங்கள். கிண்ணப் போட்டியாலோ மழையாலோ ஒத்திவைக்கப்பட்டு, ஓர் அணி மற்றதைவிட ஒன்றிரண்டு போட்டி குறைவாக விளையாடியிருக்கும். 50 புள்ளியோடு இரண்டாவதாக நிற்கிறவர், 52 புள்ளிக்காரரைவிட ஒரு போட்டி குறைவு என்றால், உண்மையில் யார் முன்னுக்கு என்று இன்னும் தெரியாது.

பெரியப்பா இப்போது இந்த நிரலைத்தான் முதலில் பார்க்கிறார். அவருக்கு மிஞ்சியிருப்பது நேரக் குழப்பம்தான். இங்கிலாந்தில் சனிக்கிழமை பின்னேரம் 3 மணிக்குத் தொடங்கும் போட்டி எங்களுக்கு இரவு 8.30க்கு வரும். மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியதும் அது 7.30 ஆகிவிடும். போன முறை அவர் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு 8.30க்கு வந்து இருந்தார். இடைவேளையும் முடிந்து, இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது.